சிமென்ட் தொட்டியில் தெளிந்த சிவப்பு: ஒரு சிறிய ஒயின் தயாரிப்பகம்

கூடைப் பிழிபொறியின் மரச் சட்டங்களைக் கழற்றியதும், உள்ளே இருந்த சக்கை வட்டமான ஒரு கட்டியாக, கத்தி வைத்து வெட்டலாம் போல இறுகி நின்றது. ஒயின் செய்யும் அம்மையார் அதிலிருந்து ஒரு துண்டைப் பெயர்த்து என் உள்ளங்கையில் வைத்து, விதைகளைப் பார்க்கச் சொன்னார். தோல்கள் சாறிழந்து, நிறமிழந்து, ஈரத் துணியைப் போலச் சுருண்டிருந்தன. விதைகளோ பழுப்பு நிறத்தில் முழுமுழுதாக இருந்தன, ஒன்றுகூட நசுங்கவில்லை. விதை நசுங்கினால் அதிலுள்ள கசப்பும் கரடான துவர்ப்பும் ஒயினில் இறங்கிவிடும். காற்றுப்பை வைத்த நவீனப் பொறிகளும் மென்மையாகவே பிழியும் என்பதை அவர் மறுக்கவில்லை. ஆனால் கூடைப் பொறியில் சக்கையே வடிகட்டியாகவும் ஆகிவிடுகிறது, சாறு அந்தத் தோல்களின் ஊடாகக் கசிந்து வருவதால் கசடு குறைவாக இறங்குகிறது, பின்னால் வடிகட்ட வேண்டிய தேவையே எழுவதில்லை என்றார். கையில் ஒட்டிய ஊதாக் கறை இரண்டு நாட்களுக்குப் போகவில்லை.

மூன்று அறுவடைகளின் ஒயின்களை இந்தத் தயாரிப்பகத்திலிருந்து வாங்கிச் சுவைத்திருக்கிறேன். இரண்டு முறை நேரில் சென்றிருக்கிறேன், ஒருமுறை கொடிகள் கவாத்து செய்யப்படும் குளிர்காலத்தில், மறுமுறை அறுவடையின் நடுவில். நான்கு ஹெக்டேருக்குச் சற்றுக் குறைவான தோட்டம், அதைப் பார்த்துக்கொள்ளும் கணவர், நிலவறையைப் பார்த்துக்கொள்ளும் மனைவி, ஆண்டு முழுவதும் உடனிருக்கும் இரண்டு பணியாளர்கள், அறுவடைக்கு மட்டும் வந்து சேரும் சிலர், இவ்வளவுதான் இந்த நிறுவனம். சிவப்பு ஒயின் தவிர வேறெதுவும் செய்வதில்லை. நிறைகளோடு எனக்கு நேர்ந்த ஒரு குறையையும் சேர்த்தே எழுதப் போவதால் பெயரைத் தவிர்க்கிறேன். இப்படிப்பட்ட சிறிய இடங்களுக்குப் போகிறவர் எதைக் கேட்க வேண்டும், எதைக் கவனித்துச் சுவைக்க வேண்டும் என்பதற்கு இந்த மதிப்புரை பயன்பட்டால் போதும்.

தோட்டத்திலிருந்து தொடங்குவதே முறை. கரிஞான் என்னும் கருந்திராட்சை ரகத்தின் கொடிகள் பந்தலோ கம்பியோ இல்லாமல், முழங்கால் உயரத்துக்குத் தடித்த அடிமரங்களாக, குத்துச்செடிகளைப் போல நிற்கின்றன. ஒவ்வொரு கிளையிலும் இரண்டு மொட்டுகளை மட்டும் விட்டு மற்றவற்றை வெட்டிக்கொண்டே போனார் கணவர். வெட்டும் ஒவ்வொரு முறையும் கத்தரி போகும் திசையை அவர் கண் முதலில் அளந்துவிடுகிறது. காயம் பெரிதாக இருந்தால் அதன் வழியே பூஞ்சை புகுந்து அடிமரத்தை உள்ளிருந்து அரித்துவிடும் என்பதால், பழைய மரத்தை வெட்டுவதை அவர் முடிந்தவரை தவிர்க்கிறார். வரிசைகளுக்கிடையே பயறு வகைகளும் புற்களும் விதைக்கப்பட்டிருந்தன. கோடைக்கு முன் அவற்றை உருளையால் மடக்கிப் படுக்கவைத்து மூடாக்காக்கி விடுகிறார்கள். மண் வெயிலில் வெடிப்பதில்லை, மழையில் அரிப்பதில்லை, தழைச்சத்தும் அங்கேயே சேர்ந்துவிடுகிறது. குளிர்காலத்தில் அண்டை நிலத்துச் செம்மறி ஆடுகள் வந்து புல்லை மேய்கின்றன. ஆனால் தாமிரம் தெளித்த பிறகு ஆடுகளை உள்ளே விடுவதில்லை, செம்மறி ஆட்டின் உடல் தாமிரத்தைத் தாங்காது என்று அவர் சொன்னபோது, இந்தத் தோட்டத்தின் மிக முக்கியமான பேச்சுக்குள் நாங்கள் வந்துவிட்டோம்.

தாமிரமா, இயற்கை முறைத் தோட்டத்திலா என்று கேட்கத் தோன்றும். கேட்க வேண்டிய கேள்விதான். திராட்சை வளர்ப்பில் ‘பாரம்பரியம்’ என்று நாம் பெருமையாகச் சொல்வதில் பெரும்பகுதி 19ஆம் நூற்றாண்டின் பேரழிவுகளுக்குப் பிறகு உருவானது. வட அமெரிக்காவிலிருந்து வந்த சாம்பல் நோய் 1840களிலும் 1850களிலும் ஐரோப்பியத் தோட்டங்களைச் சூறையாடியது. அதற்குக் கந்தகத் தூள் மருந்தாயிற்று. 1860களில் வேரை உறிஞ்சும் பைலோக்ஸெரா என்னும் நுண்பூச்சி பரவியது. அமெரிக்கக் கொடிகளின் வேர்ச்செடியில் ஐரோப்பிய ரகங்களை ஒட்டுக் கட்டிய பிறகே தோட்டங்கள் மீண்டன. 1870களின் இறுதியில் அடிச்சாம்பல் நோய் வந்தது. தாமிர உப்பான மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் கலந்த போர்டோ கலவை அதைக் கட்டுப்படுத்தும் என்று மில்லார்டே என்னும் தாவரவியலாளர் 1885இல் அறிவித்தார். இன்றுவரை இயற்கை முறையில் திராட்சை வளர்ப்போர் அடிச்சாம்பல் நோய்க்கு முதன்மையாக நம்பியிருப்பது தாமிரத்தைத்தான். அது மக்கிப் போகாத உலோகம். மண்ணில் தங்கி, அளவு மிஞ்சினால் மண்புழுக்களுக்கும் நுண்ணுயிர்களுக்கும் தீங்கு செய்யும். ஐரோப்பிய ஒன்றியம் 2019 முதல் ஒரு ஹெக்டேருக்கு 7 ஆண்டுகளில் 28 கிலோவுக்கு மேல் தாமிரம் இடக்கூடாது என்று வரம்பு விதித்திருக்கிறது.

பல தயாரிப்பகங்களில் இந்தப் பேச்சை எடுத்தால், உரையாடல் சட்டென்று அழகான சூரிய அஸ்தமனத்தின் பக்கம் திரும்பிவிடும். இங்கே கணவர் உள்ளே போய் நீளமான ஒரு கணக்குப் பதிவேட்டை எடுத்து வந்தார். எந்த நாளில், எந்தப் பாத்தியில், எவ்வளவு மழைக்குப் பிறகு, எத்தனை கிராம் தாமிரம் என்று ஒவ்வொரு தெளிப்பும் அதில் மையால் எழுதப்பட்டிருந்தது. வறண்ட ஆண்டுகளின் பக்கங்கள் வெறுமையாகவும், ஒரு மழை ஆண்டின் பக்கங்கள் நெருக்கமாகவும் இருந்தன. அந்த மழை ஆண்டில் தாம் விரும்பியதைவிட அதிகமாகத் தெளிக்க நேர்ந்தது என்பதை அவராகவே சொன்னார். கொடிகள் எல்லாம் ஒட்டுக் கட்டியவைதான், ‘தூய பழங்கால வேர்’ என்று எதுவும் இங்கில்லை என்பதையும் அவராகவே சொன்னார். அந்தப் பதிவேட்டைப் பார்த்த பிறகுதான், புட்டியின் முகப்புச் சீட்டில் இருந்த ‘நீடித்த வேளாண்மை’ என்ற சொற்களுக்கு என் மனத்தில் எடை ஏறியது. ஆண்டுதோறும் அறுவடைக்குப் பின் மண்ணைத் தோண்டி மண்புழுக்களை எண்ணும் பழக்கமும் இவர்களுக்கு உண்டு. அந்த எண்ணிக்கையும் அதே பதிவேட்டில், அதே மையில் இருக்கிறது.

அறுவடை விடியலுக்கு முன்பே தொடங்குகிறது, பழம் குளிர்ச்சியாக இருக்கும்போதே தொட்டிக்கு வந்துவிட வேண்டும் என்பதற்காக. கைகளால் கொய்து, ஆழமில்லாத சிறு கூடைகளில் அடுக்குகிறார்கள். கூடை ஆழமாக இருந்தால் அடியிலுள்ள குலைகள் மேலெடையில் நசுங்கி, வழியிலேயே புளிக்கத் தொடங்கிவிடும். பழத்தின் சர்க்கரையை ஒளிமுறிவுமானியில் பார்க்கிறார்கள் என்றாலும், எந்த நாளில் கொய்வது என்பதை முடிவு செய்வது வாய்தான். ஏறத்தாழ 17 கிராம் சர்க்கரை ஒரு லிட்டர் சாற்றில் 1 விழுக்காடு ஆல்கஹாலாக மாறும் என்பதால், 220 கிராம் இருந்தால் 13 விழுக்காட்டுக்கு அருகில் ஒயின் கிடைக்கும் என்று கணக்குப் போட்டுவிடலாம். ஆனால் விதை பழுத்துவிட்டதா என்பதை அந்தக் கணக்குச் சொல்லாது. அம்மையார் ஒரு பழத்தை வாயிலிட்டு, சாற்றை விழுங்கிவிட்டு, விதையை முன்பல்லால் கடித்தார். மொறுமொறுவென்று உடைந்தால் பழுத்தது, பச்சையாகக் கசந்து நாவைப் பிடித்தால் இன்னும் சில நாள் பொறுக்க வேண்டும். நானும் கடித்துப் பார்த்தேன். நிழல் விழும் ஓரப் பாத்தியிலிருந்த பழமும் நடுப் பாத்தியிலிருந்த பழமும் விதையில் அவ்வளவு வேறுபட்டிருந்ததை நம்ப முடியவில்லை. அதனால்தான் ஒரே தோட்டத்தை இவர்கள் மூன்று தவணைகளில் கொய்கிறார்கள்.

கொய்த குலைகளில் ஒரு பகுதியைக் காம்போடு முழுதாகத் தொட்டியில் இறக்கி, கால்களால் மிதிக்கிறார்கள். மிதிப்பதைப் பார்ப்பதற்கென்றே வருகிறவர்கள் உண்டு என்றாலும் இது வேடிக்கைக்காகச் செய்வதன்று. பாதம் தோலை உடைக்கும், விதையை உடைக்காது என்பதே அதன் பயன். நொதித்தல் தொடங்கிய பின் யாரும் தொட்டிக்குள் எளிதில் இறங்குவதில்லை. சர்க்கரை ஆல்கஹாலாகும்போது வெளிவரும் கரியமில வாயு காற்றைவிடக் கனமானது, தொட்டியின் அடியில் தேங்கி ஆளைக் கொன்றுவிடும். எரியும் மெழுகுவர்த்தியைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்ப்பது பழைய வழக்கம். அதன் சுடர் அணைவதற்கு முன்பே வாயு மனிதருக்கு ஆபத்தான அளவை எட்டிவிடக்கூடும் என்பதால், இங்கே மெழுகுவர்த்தி சுவரில் நினைவுப் பொருளாகத் தொங்குகிறது, பணியாளரின் சட்டையில் வாயுமானி தொங்குகிறது. பழையது எல்லாவற்றையும் பழையது என்பதற்காகவே கட்டிக்கொண்டு அழுவதில்லை என்ற இந்தத் தெளிவு எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

ஈஸ்ட்டை விலைக்கு வாங்கிச் சேர்ப்பதில்லை. அறுவடைக்குச் சில நாட்களுக்கு முன் நல்ல குலைகளைக் கொஞ்சம் கொய்து, சிறு பாத்திரத்தில் மிதித்து, அது தானாகவே நொதிக்கத் தொடங்கியதும், பாலுக்கு உறை ஊற்றுவதைப் போல, பெரிய தொட்டிக்கு அதையே ஊற்றுகிறார்கள். தோட்டத்திலும் நிலவறையிலும் வாழும் பலவகை நுண்ணுயிர்கள் முதலில் வேலையைத் தொடங்குகின்றன. ஆல்கஹால் ஏற ஏற அவை மடிந்து, இறுதியில் சாக்கரோமைசிஸ் செரிவிசியே என்னும் ஈஸ்ட்டே எஞ்சி நின்று முடித்து வைக்கிறது. இதில் இடர் உண்டு: நொதித்தல் பாதியில் நின்றுபோகலாம், வினிகர் வாடை ஏறலாம். மூன்று பாத்திரங்களில் உறை தயாரித்து, முகர்ந்து பார்த்து, ஒன்றை மட்டும் தேர்ந்து மற்ற இரண்டையும் எருக்குழியில் ஊற்றுகிறார்கள் என்பதைக் கேட்டபோது, ‘இயற்கையாக விட்டுவிடுதல்’ என்பதற்குப் பின்னால் எவ்வளவு கண்காணிப்பு இருக்கிறது என்பது விளங்கியது. நொதிக்கும்போது தோல்கள் மிதந்து மேலே தடித்த படலமாகத் திரளும். நிறமும் துவர்ப்பும் அந்தத் தோலில்தான் இருக்கின்றன. ஆகவே நீண்ட மரக்கம்பின் முனையில் தட்டையான கட்டை பொருத்திய அமுக்குக்கோலால், நாளுக்கு இரண்டு முறை அதை உள்ளே அமுக்குகிறார்கள். எனக்கும் ஒருமுறை வாய்ப்புக் கிடைத்தது. படலம் முதலில் கல்லைப் போல எதிர்த்து நின்று, பிறகு திடீரென்று உள்வாங்கியது. அதன் வழியே மேலெழுந்த சூடும் மணமும் முகத்தில் அடித்தன.

பிழிந்த பின் ஒயின் இரண்டு வழிகளில் பிரிகிறது. கிரெனாஷ் என்னும் இன்னொரு ரகமும் கரிஞானும் சேர்ந்த கலவை, உட்புறம் டார்டாரிக் அமிலக் கரைசல் பூசிப் பதப்படுத்திய பழைய சிமென்ட் தொட்டிகளுக்குப் போகிறது. சிரா என்னும் ரகம் 225 லிட்டர் ஓக் பீப்பாய்களுக்குப் போகிறது. நான்காவது, ஐந்தாவது முறையாகப் பயன்படும் பீப்பாய்கள் அவை, மரத்தின் வெனிலா வாசனையை எப்போதோ கொடுத்துத் தீர்த்தவை. சிமென்டின் தடித்த சுவர் வெப்பத்தை மெல்ல ஏற்று மெல்ல விடுவதால், குளிரூட்டி ஓடாமலே ஒயின் அமைதியாக இருக்கிறது; மின்செலவைக் குறைக்கும் வழியாகவும் அது இருக்கிறது. நிலவறை மீண்டும் வெதுவெதுப்பாகும் பருவத்தில் இரண்டாம் மாற்றம் தொடங்குகிறது. ஈனோகாக்கஸ் என்னும் பாக்டீரியா, பச்சை ஆப்பிளின் கூர்மையான புளிப்பைத் தரும் மாலிக் அமிலத்தை, தயிரின் மென்மையான புளிப்பைத் தரும் லாக்டிக் அமிலமாக்குகிறது. பீப்பாயின் வாயில் காதை வைத்தால் சன்னமான சிலுசிலுப்பு ஓசை கேட்கிறது. அதன்பின் மண்டி அடியில் படிய, தெளிந்த ஒயினைக் குழாயும் சரிவும் கொண்டு, பம்ப் இல்லாமல் கீழ்த்தளத் தொட்டிக்கு இறக்குகிறார்கள். முட்டையின் வெள்ளைக்கரு சேர்த்துத் தெளிவிப்பதும் பழைய முறைதான், ஆனால் இவர்கள் அதையும் செய்வதில்லை. குளிர்காலம் இரண்டு கடந்தால் ஒயின் தானே தேறிவிடும் என்கிறார்கள். தெளிந்த மதுவுக்குத் தமிழில் தேறல் என்றே பெயர் இருப்பதை அப்போது நினைத்துக்கொண்டேன்.

ஒயின் கெடாமல் காக்கச் சேர்க்கும் கந்தகம், அதாவது சல்பைட், பற்றி இங்கே நேர்மையான விடை கிடைத்தது. ‘சல்பைட் இல்லாத ஒயின்’ என்ற சொற்றொடரே பெரும்பாலும் பிழையானது. நொதிக்கும்போது ஈஸ்ட்டே சிறிதளவு சல்பைட்டை உண்டாக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தின் வரம்பு, இனிப்பில்லாத சிவப்பு ஒயினுக்கு லிட்டருக்கு 150 மில்லிகிராம். இயற்கை முறைச் சான்று பெற்றதற்கு 100 மில்லிகிராம். இவர்கள் புட்டியில் அடைக்கும்போது மட்டும் சிறிதளவு சேர்க்கிறார்கள், மொத்த அளவைப் பின்சீட்டில் எண்ணாகவே அச்சிடுகிறார்கள். நான் வாங்கிய புட்டிகளில் அந்த எண் ஒருபோதும் 50ஐத் தாண்டவில்லை. இந்த எண்ணை அச்சிடுவதற்கு எந்தச் செலவும் ஆகாது. எல்லாத் தயாரிப்பகங்களும் இதைச் செய்ய வேண்டும் என்று விரும்புகிறேன்.

சுவைக்கு வருகிறேன். சிமென்ட் தொட்டியின் கலவைதான் என் கணிப்பில் இந்தத் தயாரிப்பகத்தின் மிகச் சிறந்த ஒயின். அவர்களுடைய பட்டியலில் அது எளிய ஒயினாக, அன்றாடம் அருந்துவதற்கு உரியதாக, முதல் வரியில் இருக்கிறது. கிண்ணத்தில் ஊற்றினால் அடர்த்தியான மாதுளை நிறம், விளிம்பில் சிறிது ஒளி ஊடுருவும். மூக்கருகே கொண்டுபோனவுடன் சிவந்த பழங்களின் மணம் வரும். ஒரு சுற்றுச் சுழற்றினால் காய்ந்த மூலிகைத் தண்டை ஒடித்தது போன்ற மணமும், மழைக்குப் பின் கல்லிலிருந்து எழுவது போன்ற ஒரு சுத்தமும் வரும். வாயில் முதலில் கிரெனாஷின் மிருதுவான நிறைவு பரவும், அது தளர்ந்து போகும் இடத்தில் கரிஞானின் புளிப்பு வந்து கைகொடுக்கும். துவர்ப்பு மெல்லிய மணற்பொடியைப் போல ஈறுகளில் படியும். உரசும், ஆனால் கிழிக்காது. விதை உடையாமல் பிழிந்ததன் பலனை இங்கேதான் உணர்கிறேன். மரத்தின் வாசனை குறுக்கே நிற்காததால், பழமும் நிலமும் எவ்வளவு கொடுத்தனவோ அவ்வளவே கிண்ணத்தில் இருக்கிறது. மழை ஆண்டின் ஒயின் சற்று ஒல்லியாகவும் புளிப்புக் கூடியதாகவும் இருந்தது, வறண்ட ஆண்டின் ஒயின் தடித்து, ஆல்கஹாலின் வெம்மையோடு இருந்தது. இந்த வேறுபாட்டைக் கலந்து மறைக்க அவர்கள் முயலவில்லை. எனக்கு மழை ஆண்டே பிடித்தது. நிறைவான ஒயினை விரும்புகிறவர்களுக்கு மற்றது பிடிக்கும்.

சிராவில் மிளகு மணம் தூக்கலாக இருக்கிறது. இதை உவமையாகச் சொல்லவில்லை. ரோட்டண்டோன் என்னும் சேர்மமே சிராவுக்கும் மிளகுக்கும் பொதுவான அந்த மணத்தைத் தருகிறது என்று 2008இல் ஆஸ்திரேலிய ஒயின் ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு அந்தச் சேர்மத்தின் மணமே தெரிவதில்லை என்பதால், உடன் சுவைப்பவர் மிளகு எங்கே என்று கேட்டால் வியப்படைய வேண்டாம். காம்போடு நொதித்ததால் வரும் பச்சைத் தழை மணம் முதல் ஆண்டில் சற்று முன்துருத்திக்கொண்டு நின்றது; இரண்டு ஆண்டு வைத்திருந்து திறந்த அதே ஒயினில் அது அடங்கி, உலர்ந்த பூக்களின் மணமாக மாறியிருந்தது. வாங்கியவுடன் திறக்காதீர்கள் என்று அவர்களே சீட்டில் எழுத வேண்டும். நிலவறையில் நேரில் கேட்பவருக்கு மட்டுமே அதைச் சொல்கிறார்கள்.

மிக உயர்ந்த வரிசை என்று அவர்கள் கருதுவது, மிகப் பழைய கரிஞான் கொடிகளிலிருந்து மட்டும் எடுத்து, புதிய பீப்பாய் ஒன்றையும் சேர்த்து முதிரவைப்பது. ஆழமும் நீளமும் அதில் இருக்கின்றன, மறுக்க மாட்டேன். ஆனால் புதிய ஓக் அந்தக் கொடிகளின் குரலுக்கு மேல் பேசுகிறது. அதைவிட வருத்தம் தருவது அதன் புட்டி. காலிப் புட்டியைச் சமையலறைத் தராசில் நிறுத்துப் பார்த்தேன், 850 கிராமைத் தொட்டது. எளிய கலவையின் புட்டியோ 420 கிராம்தான். ஒயினின் கரியமில வெளியேற்றக் கணக்கில் மிகப் பெரிய பங்குகளில் ஒன்று கண்ணாடிப் புட்டியினுடையது. ஆடுகளை மேயவிட்டு, மண்புழுவை எண்ணி, தாமிரத்தைக் கிராம் கிராமாகக் குறித்துச் சேமித்த நன்மையை, தடித்த கண்ணாடியை உருக்கியும் சுமந்தும் செலவழிப்பது இவர்களுக்குப் பொருந்தவில்லை. இதை அவர்களிடமும் சொன்னேன். வாங்குபவர்கள் கனமான புட்டியையே உயர்வாக நினைக்கிறார்கள் என்றார் கணவர். அது உண்மையாக இருக்கலாம். ஆனால் வாங்குபவரின் அந்த எண்ணத்தை மாற்றத் தகுதியுள்ளவர்கள் இவர்களைப் போன்றோர்தான்.

குறை என்று சொன்னேனே, அது இரண்டாம் ஆண்டில் நேர்ந்தது. சல்பைட் சிறிதும் சேர்க்காமல் ஒரேயொரு பீப்பாயை, அதாவது ஏறத்தாழ 300 புட்டிகளை, சோதனையாக வெளியிட்டார்கள். நான் மூன்று வாங்கினேன். முதல் இரண்டும் பழச்சாற்றின் துடிப்போடு மிக நன்றாக இருந்தன. மூன்றாவதைத் திறந்தபோது மணத்தில் எந்தக் கோளாறும் இல்லை, முதல் மிடறிலும் இல்லை. விழுங்கிச் சில நொடிகள் கழித்து, நாவின் பின்புறத்திலிருந்து எலி வளையை முகர்ந்தது போன்ற ஒரு தீய சுவை எழுந்து நின்றது, தண்ணீர் குடித்தும் போகவில்லை. ஒயின் உலகில் இதை எலிவாடை என்றே அழைக்கிறார்கள். ஒயினின் அமிலத்தன்மையில் அந்தச் சேர்மங்கள் ஆவியாகாமல் ஒளிந்திருக்கும், வாயில் உமிழ்நீர் கலந்து அமிலம் தணிந்ததும் வெளிப்படும். ஆகவே மூக்கால் இதைப் பிடிக்க முடியாது. கந்தகக் காப்பு இல்லாத ஒயினில் சில பாக்டீரியாக்களும் பிரெட்டனோமைசிஸ் ஈஸ்ட்டும் இதை உண்டாக்குகின்றன. நான் எழுதித் தெரிவித்ததும், புட்டியின் எண்ணைக் கேட்டார்கள். தங்களிடம் மீதமிருந்தவற்றில் சிலவற்றைத் திறந்து பார்த்து, எனக்குத் தோன்றியது சரிதான் என்று ஒப்புக்கொண்டு, மாற்றுப் புட்டியை அனுப்பினார்கள். அடுத்த ஆண்டு அந்தச் சோதனையை அவர்கள் தொடரவில்லை. அதில் எனக்கு வருத்தமில்லை. சிறிதளவு கந்தகம் இவர்கள் ஒயினுக்கு எந்தக் குறையையும் செய்யவில்லை என்பது மற்ற புட்டிகளிலேயே தெரிகிறது.

நேரில் சுவைக்கப் போகிறவர்களுக்குச் சில சொற்கள். முன்கூட்டியே எழுதிக் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும். வாசலில் வரவேற்க ஆளில்லை, அறுவடை நாட்களில் ஒருவருக்கும் நேரமில்லை. சுவைக்கும் இடம் நிலவறையின் ஒரு மூலையில் கவிழ்த்து வைத்த பீப்பாய்தான். உமிழ்கலம் எல்லோர் முன்னும் வைக்கப்படுகிறது. சுவைத்து உமிழ்வதை யாரும் அவமதிப்பாக எண்ணுவதில்லை, வண்டி ஓட்டி வந்திருக்கிறீர்களா என்று அவர்களே கேட்கிறார்கள். உடல்நலத்துக்கு நல்லது என்ற பேச்சு அங்கே ஒருமுறைகூட எழவில்லை, அது நியாயம். பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1988லேயே மதுபானங்களைப் புற்றுநோய் உண்டாக்குவன என்று முதல் பிரிவில் சேர்த்துவிட்டது. தோட்டம் எவ்வளவு தூய்மையாக இருந்தாலும் கிண்ணத்திலிருப்பது ஆல்கஹால்தான். நான் இவர்கள் ஒயினைக் குறைவாகவும் கவனமாகவும் அருந்துகிறேன், அவர்கள் செய்யும் விதமும் அப்படிப்பட்ட அருந்துதலுக்கே ஏற்றது.

வீட்டில் திறக்கும்போது இரண்டைக் கவனிக்க வேண்டும். வடிகட்டாத ஒயின் என்பதால் அடியில் வண்டலும், சில நேரம் கண்ணாடித் தூள் போன்ற டார்டரேட் படிகங்களும் தங்கும், இரண்டும் தீங்கற்றவை. முந்தைய நாளே புட்டியை நிமிர்த்தி வைத்து, அசைக்காமல் மெல்ல ஊற்றி, கடைசி இரண்டு விரற்கடை அளவை விட்டுவிட்டால் போதும். மற்றது, வெப்பம். சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் அருந்துவது என்பது குளிர்ந்த கல்வீடுகளின் காலத்துப் பேச்சு. 15, 16 டிகிரி செல்சியஸுக்குக் குளிர்வித்து ஊற்றினால்தான் சிமென்ட் கலவையின் புளிப்பு நிமிர்ந்து நிற்கிறது. 24 டிகிரியில் அதே ஒயின் ஆல்கஹால் நெடியோடு தளர்ந்து கிடந்ததைக் கண்டிருக்கிறேன்.

கந்தகம் குறைவான ஒயின் வெயிலில் வண்டியேறினால் கெட்டுவிடும் என்பதால், வெயில் காலத்தில் அனுப்புவதை அவர்களே நிறுத்திவிடுகிறார்கள். பணம் வாங்கிக்கொண்டு குளிர் தொடங்கும்வரை தங்கள் நிலவறையிலேயே வைத்திருந்து அனுப்புகிறார்கள். இந்த ஆண்டு சிமென்ட் கலவையில் ஆறு புட்டிகளும், மூன்று ஆண்டுகளுக்குத் தொடாமல் வைக்க சிராவில் இரண்டும் கேட்டு எழுதியிருக்கிறேன். கனமான புட்டியைக் கேட்கவில்லை, ஏன் கேட்கவில்லை என்பதையும் அதே கடிதத்தில் எழுதியிருக்கிறேன்.